ஐந்து கிலோமீட்டர், ஒரு ஹார்ன் சத்தம் இல்லாமல்

மைசூர்ல இருக்கிற நம்ம ஆட்களுக்கு மலை என்றாலே ஊட்டிதான். 125 கிலோமீட்டர். காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் பந்திப்பூரில் நாலு மானைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டி. அதை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து கொடைக்கானலுக்கு ஏன் போறீங்க என்று ஆபீசில் கேட்டார்கள். ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட என்றேன். சிரித்தார்கள். ஊட்டியிலும்தான் ஏரி இருக்கே சார் என்றார் பக்கத்து சீட் கன்னட நண்பர்.

இருக்கு. ஜான் சல்லிவன் 1824ல் வெட்ட ஆரம்பித்த ஏரி. ஆனால் இரு நூற்றாண்டில் அது சுருங்கிக்கொண்டே வந்து, பழைய ஏரி இருந்த இடத்தில் இன்று பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் நிற்கின்றன. கரையோரமாகவே போய் ஒரு முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுகம் அங்கே கிடையாது. கொடைக்கானலில் கிடைக்கும்.

கொடை ஏரியைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863ல் உண்டாக்கியது. ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி, சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தாராம். ஏரி நட்சத்திர வடிவம், சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். ஊரின் உயரம் கிட்டத்தட்ட 7,000 அடி. இதெல்லாம் சுற்றுலா நோட்டீஸிலேயே இருக்கும். நோட்டீஸில் போடாத விஷயம் ஒன்று உண்டு. கொடைக்கானலில் எங்கே திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏரி ரோடு மட்டும் கிட்டத்தட்ட சமம். தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும்? அதன் ஓரமாகவே போகிற ரோடும் அந்த மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஏழாயிரம் அடி உயரத்தில், வயதானவரும் மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய ஐந்து கிலோமீட்டர். அபூர்வமான சொத்துங்க இது. (பேங்க்காரன் சொல்றேன், சொத்து மதிப்பீடு எனக்குக் கொஞ்சம் வரும்.)

இந்தப் பயணம் எனக்காக இல்லை. அப்பாவுக்காக.

அப்பா வத்தலக்குண்டு பக்கம் தபால்காரராக இருந்தவர். 31 வருஷம். பீட்டுக்கு அரசாங்கம் கொடுத்தது பையும் யூனிஃபார்மும், சைக்கிள் அவருடையது. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. எங்க ஊரில் எந்த வீதியில் நின்றாலும் கொடைக்கானல் மலை தெரியும். முப்பத்தோரு வருஷம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தவர், மேலே போனது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் கல்யாணத்துக்கு. சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டார்.

அம்மா போன பிறகு 2021ல் மைசூருக்கு எங்களோடு வந்துவிட்டார். கூடவே சைக்கிளும் லாரியில் வந்தது, பிடிவாதமாக. கன்னடம் தெரியாது, தெரியாத ஊரை அந்த சைக்கிளில்தான் பழகினார். மார்க்கெட், கோயில், பேத்தியின் ஸ்கூல் வாசல். அடுத்த வருஷம் ஒரு நாள் சர்க்கிளில் திரும்பும்போது பின்னாலிருந்து வந்த பைக் ஒன்று ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்பவும் அதையேதான் சொல்கிறேன். எழுபது தாண்டிய மனுஷர், பின்னால் என்ன வருகிறது என்று சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதவர், இன்றைய ட்ராஃபிக்கில் ஓட்டக்கூடாது.

அவர் மறுபேச்சு பேசவில்லை. அதுதான் எனக்கு பாரமாக இருந்தது. சைக்கிள் பால்கனிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் செயினுக்கு எண்ணெய் போடுவார், டயரில் காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓடாத வண்டிக்கு சர்வீஸ்! தங்கமணி அதில் துணி காயப்போட்ட அன்று மட்டும், "ஏம்மா, கேரியர்ல போடு, ஹேண்டில்பார்ல வேணாம்" என்றார். வீட்டில் அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

மைசூர் சைக்கிளுக்கு விரோதமான ஊர் இல்லை. 2017 ஜூனில் 'ட்ரின் ட்ரின்' வந்தபோது 450 சைக்கிள், 48 நிலையம் என்று ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முன்னோடித் திட்டங்களில் ஒன்று. எங்க பொண்ணுக்கு அதில் கார்டு உண்டு. ஆனால் சைக்கிள் எங்கே கிடைத்தாலும் ஓட்ட வேண்டியது அதே ரோட்டில்தானே? வண்டி இல்லாத இடம் வேண்டுமென்றால் குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864ல் வந்தது. கொடை ஏரிக்கு ஒரு வயசு இளையது! அதற்கும் சுற்று ஐந்து கிலோமீட்டர் சொச்சம். அப்பா தினமும் காலையில் அங்கே நடக்கிறார். ஆனால் அது நடப்பவர்களுக்கான பாதை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்கறதும் மிதிக்கறதும் ஒண்ணா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டார். அன்றைக்குத்தான் கொடை ரோடு ஞாபகம் வந்தது.

2025 செப்டம்பர், ரெண்டாவது சனிக்கிழமை. நம்ம பேங்க் ஜாதிக்கு இருக்கிற ஒரே வரப்பிரசாதம். டாக்டரிடம் காட்டி பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்தாச்சு. ஏழாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு (காமர்ஸ்காரன் சொல்ற பிசிக்ஸ், பொறுத்துக்கோங்க), அதனால் முதல் நாள் சும்மா இருங்கள், மறுநாள் மெதுவாக ஓட்டுங்கள் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைசூரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியக்காலை திண்டுக்கல். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக பஸ். எங்க ஊர் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார், இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடைக்காரரைப் பிடித்துவிட்டேன். போர்டைப் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படித்தாள். தமிழ் போர்டு அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு வேண்டும் என்றதும் கடைக்காரர், "அந்த நேரத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்களே சார், எட்டு மணிக்கு மேலதான் எல்லாரும்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்பாவைப் பார்த்தார். "டீக்கடைக்கு அஞ்சரைக்கே வந்துருவேன். எடுத்து வெக்கிறேன்" என்றார். பொண்ணுக்கு தாத்தாவோடு ரெட்டை சீட் சைக்கிளில் போக ஆசை. "பின்னாடி உக்காந்து வர நான் என்ன பார்சலா?" என்றுவிட்டார் அப்பா :-)

ஞாயிறு காலை ஆறு மணி. பனி ஏரி மேல் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. மங்கி குல்லா, மஃப்ளர், உள்ளே ஸ்வெட்டர் என்று அப்பா ஒரு மூட்டை மாதிரி இருந்தார். கடைக்காரர் சீட்டை இறக்கி வைத்து, "ஐயா, முன் ப்ரேக்கை மட்டும் பிடிச்சிராதீங்க" என்றார். அப்பா இரண்டு ப்ரேக்கையும் அழுத்திப் பார்த்தார், பெல் அடித்துப் பார்த்தார், பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஃப்ரீ வீல் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் இடது காலைப் பெடலில் வைத்து, மூன்று தத்து தத்தி, வலது காலைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறிவிட்டார். எழுபத்து நாலு வயசில்! எனக்கு ஈரக்குலை ஆடிப்போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார்.

நட்சத்திர வடிவ ஏரியில் ஒரு வேடிக்கை உண்டு. வட்டமான ஏரி என்றால் போகிற வழி முழுவதும் எதிரே தெரியும். இங்கே ரோடு ஒரு கைக்குள் போகும், முனையில் திரும்பி வெளியே வரும், மறுபடியும் அடுத்த கைக்குள். அப்பா ஒவ்வொரு வளைவிலும் மறைந்துபோனார். மறைந்த இடத்திலிருந்து பெல் சத்தம் மட்டும் வரும். அடுத்த வளைவில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சின்னதாகத் தெரிவார். பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் போய்ச் சேர அரை கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். யூகலிப்டஸ் வாசனை, சொட்டு சொட்டாக இலையிலிருந்து விழுகிற பனி, எங்களுடைய மூன்று செயின் சத்தம். ஒரு பால்காரர், வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், குதிரையை நடத்திக்கொண்டு போன ஒரு பையன். முதல் சுற்றில் அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு பங்களா கேட் வரும்போதும் அப்பா மிதிப்பதை நிறுத்திவிடுகிறார். சைக்கிள் தானாக உருளும், தலை லேசாக இடது பக்கம் திரும்பும், கேட்டைத் தாண்டியதும் மறுபடி மிதி. முதலில் களைப்போ என்று பயந்து பக்கத்தில் போனேன். களைப்பில்லை. தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்! ரிட்டையராகிப் பதினாலு வருஷம் ஆகிறது.

அரை மணி நேரத்தில் முதல் சுற்று முடிந்தது. இன்னொன்று போகலாம் என்றார். இரண்டாவது சுற்று முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எந்த ஊரில் எந்த வீட்டில் மணியார்டருக்குக் காத்திருப்பார்கள், மழையில் பையை எப்படி யூரியா சாக்கில் சுற்றுவார், என்னை குரங்கு பெடல் பழக்கியபோது நான் கள்ளி வேலியில் போய் விழுந்தது. மூன்று வருஷமாக வீட்டில் பேசாததை எல்லாம் ஏரி மேல் இறைத்துவிட்டார். பொண்ணு அவர் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே பேச முடிந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன். வண்டி ஓடுகிற ரோட்டில் இது நடக்காது.

ஏழரைக்கு மேல் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு வேன். பின்னால் மூன்று கார். வளைவில் எங்களைப் பார்த்து ஹார்ன். அப்பா இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். அப்புறம் இன்னும் நாலு வண்டி. கடை வரைக்கும் இருந்த கடைசி முக்கால் கிலோமீட்டரை சைக்கிளை உருட்டிக்கொண்டேதான் வந்தார். "போதும் தம்பி, நிறைஞ்சிருச்சு" என்றார். நிறையவில்லை என்று எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு அதே ரோட்டைப் போய்ப் பாருங்கள். ஹார்ன், டீசல் புகை, நடுவில் மிரளும் குதிரை, இந்த நெரிசலில் நடுங்கிக்கொண்டே ஓட்டும் குழந்தைகள். மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவால் 2024 மே 7லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். பஸ்ஸும் உள்ளூர் வண்டிகளும் இதில் சேராது. நல்ல உத்தரவு. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காருக்கு நாலு மீட்டர் என்று வைத்தால் 4,000 கார் பதினாறு கிலோமீட்டர். ஏரியை மூன்று சுற்று சுற்றி இடித்துக்கொண்டு நிற்கும். 6,000 என்றால் கிட்டத்தட்ட ஐந்து சுற்று. கொடைக்கு வருகிற வண்டி ஏரியைப் பார்க்காமல் போகுமா? ஆக, கட்டுப்பாடு போட்ட பிறகும் இந்தக் கதிதான். இந்த ஒரு ரோட்டுக்குத் தனியாக ஏதாவது செய்யாமல் முடியாது.

ஒரேகானில் இருக்கிற காலேஜ் நண்பன் ஒருவன் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். அங்கே க்ரேட்டர் லேக் என்று ஒரு ஏரி. சுமார் 7,700 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து உண்டான பள்ளத்தில் மழையும் பனியும் நிரம்பியது. 594 மீட்டர் ஆழம், அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. விளிம்பைச் சுற்றி ரோடு 53 கிலோமீட்டர். செப்டம்பரில் இரண்டு சனிக்கிழமை அதன் கிழக்குப் பக்கம் முழுவதையும் மோட்டார் வண்டிக்கு மூடி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடும் வழக்கம் அங்கே உண்டு. 'ரைட் த ரிம்' என்று பெயர். இவன் போயிருக்கிறான். ஏற்றம் என்றால் அப்படி ஒரு ஏற்றமாம், முட்டி கழன்றுவிட்டது என்றான். ஆனாலும் அவனுக்கு நினைவில் நின்றது ஏரியின் நீலம் இல்லையாம். "காதுல காத்து மட்டும்தான்டா கேட்டுச்சு. அந்த அமைதி!"

அது அமெரிக்கா, நம்ம நாட்டில் நடக்குமா என்பீர்கள். மும்பை பக்கம் மாதேரான் மலை ஊருக்குள் மோட்டார் வண்டியே கிடையாது. ஆம்புலன்ஸும், சமீபத்தில் விட்ட சில இ-ரிக்‌ஷாக்களும் தவிர. தஸ்தூரி நாக்காவில் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். அவ்வளவு தூரம் ஏன்? நாம் ஊட்டிக்குப் போகிற பந்திப்பூர் ரோடு 2009லிருந்து ராத்திரி 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத் திறக்கிறது. முதலில் எத்தனை சத்தம் போட்டோம்! இன்றைக்கு எட்டரைக்குள் செக்போஸ்ட் தாண்ட வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். யானைக்காக ஒரு நெடுஞ்சாலையை ஒன்பது மணி நேரம் மூட முடிகிறது. தாத்தாக்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து கிலோமீட்டரை இரண்டரை மணி நேரம் மூட முடியாதா? லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கிய காலத்தில் மலைக்கு மோட்டார் ரோடே கிடையாது. அடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும்தான் ஏறினார்கள். பல வருஷம் அந்தக் கரை வண்டிச் சத்தம் கேட்காமல்தான் இருந்தது. 1872ல் போட்ட கோக்கர்ஸ் வாக்கில் இன்றும் நடக்க மட்டும்தான் வழி. அதனால் யாருக்கும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை, வெளியே வரிசையாகக் கடைகள் நன்றாகவே நடக்கின்றன.

மறுப்பு இல்லாமல் இல்லை. ஏரி ரோட்டில் வீடு வைத்திருப்பவர்கள், ஹோட்டல்கள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வழி விடத்தான் வேண்டும். எங்களை பஸ் ஸ்டாண்டில் விட்ட டாக்ஸிக்காரரிடம் கேட்டேன். "ஏரிய மூடுனா டூரிஸ்ட்டுக்கு என்ன சார் காமிக்கிறது?" என்றார். அவர் பிழைப்பு, நியாயமான கேள்வி. ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால் அவருக்கு சவாரி உண்டா என்று கேட்டதற்கு, சூரிய உதயம் பார்க்க எப்போதாவது என்றார். சைக்கிள் கடைக்காரர் வேறு கணக்கு சொன்னார். சீசனில் கூட்டம் அதிகமாகும்போது அவருக்கு வாடகை அதே அளவு கூடுவதில்லையாம். ரோட்டைப் பார்த்ததுமே அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். ஒரு லோன் ஆபீசராக இதைக் கேட்டால் காலை 5.30 முதல் 8 வரை மூடுகிற திட்டத்துக்கு நான் தயங்காமல் சாங்ஷன் போடுவேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள், வாடகை மணிக்கு நூறு ரூபாய் எங்களுக்கு ஆனது. கையுறை அவசியம், ஹேண்டில்பார் ஐஸ் மாதிரி இருக்கும். ப்ரேக்கை நீங்களே சோதியுங்கள். ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

மைசூர் திரும்பி வந்த வாரம் அப்பா ஒரு முழுத்தாள் வாங்கிவரச் சொன்னார். கொடைக்கானல் நகராட்சி ஆணையருக்கு மனு. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது காலை ஐந்தரை முதல் எட்டு வரை ஏரிச் சாலையை மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் விட வேண்டும் என்று பதினோரு வரி. டைப் அடித்துத் தரேன், ஈமெயில் அனுப்பலாம் என்றேன். கேட்கவில்லை. ரிஜிஸ்டர் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டதில் அவருக்கு இருந்த வருத்தத்தை எல்லாம் கவுன்ட்டர் வரை சொல்லிக்கொண்டே வந்தார். கவரில் விலாசம் எழுதும்போது பின்கோடு பார்க்க நான் போனை எடுத்தேன். அவர் அதற்குள் எழுதி முடித்திருந்தார். 624101.